வீட்டுக்கு ஒரு துப்பாக்கியா, ஊருக்கு ஒரு காவலா?

தோட்டத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் மத்தியில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு நடக்கிறது. "ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வச்சுக்கிட்டா நல்லதுப்பா" என்கிறார்கள். பயம் வீண் பயம் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025ல் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்று நகையைக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பேப்பரில் இதைப் படித்தால் அவர்களுக்கு எப்படித் தூக்கம் வரும்? "அப்பா, ஒரு துப்பாக்கி வாங்குங்க" என்று போனில் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான்.

எங்கள் எழுமலைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும். ஆயுதம், காவல், திருட்டு, லைசென்ஸ் இந்த நான்கும் சேர்ந்த கதை எங்கள் பக்கத்தில் நடந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறெங்கும் நடக்கவில்லை என்று சொல்லலாம். யாருக்காவது துப்பாக்கி வாங்கச் சொல்லும் முன் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் துப்பாக்கி லைசென்ஸ் மனுக்கள் விசாரணைக்காக என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பாளையக்காரர் காலம். விசுவநாத நாயக்கர் மதுரையை ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் எழுமலை உண்டு. சாப்டூர், உத்தப்பநாயக்கனூர், தொட்டப்பநாயக்கனூர் என்று சுற்றியுள்ள ஊர்களும் உண்டு. பாளையக்காரருக்கு வரி வசூலிப்பதும் போருக்கு ஆள் அனுப்புவதும் மட்டும் வேலை இல்லை. ஊரைக் காவல் காப்பதும் அவர் பொறுப்பு. அதற்காக ஊர்கள் கொடுத்த பங்குதான் காவல் வரி. பெரிய பரப்புக்கு தேசகாவல், அந்தந்த ஊருக்கு ஸ்தலகாவல் என்று இரண்டு வகை.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி ஒன்றுதான். காவல்காரர் தன் எல்லைக்குள் திருட்டுப் போனால் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைக்குப் பார்த்தால் போலீசும் இன்சூரன்சும் சேர்ந்த மாதிரி. வீட்டுக்காரன் வேலும் கம்பும் வைத்திருந்தாலும் அவன் நிம்மதியாகத் தூங்கியது அவற்றை நம்பி இல்லை. தெருமுனையில் ஒருத்தர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் தூங்கினான்.

உசிலம்பட்டி, செக்கானூரணி, எழுமலை வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர்கள் இந்தக் காவல் வேலையில் பேர் பெற்றவர்கள். கீழக்குயில்குடிக்காரர்கள் மதுரை நகரத்து வீடுகளுக்கே காவல் பார்த்தார்கள். திருமலை நாயக்கர் அரண்மனையில் கன்னம் வைத்து ராஜாவின் நகையை எடுத்துக்கொண்டு போனதும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று ஒரு கதை உண்டு. சின்ன வயதில் அரண்மனைக்குப் போனபோது கூட வந்த பெரியவர் மேலே ஒரு ஓட்டையைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். கதை உண்மையோ பொய்யோ, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. காவலுக்கும் களவுக்கும் நடுவில் இருந்த கோடு மெலிசானது என்பதை ஜனங்கள் தெரிந்தே வைத்திருந்தார்கள்.

அதைச் சொல்லாமல் பழைய காவலைப் புகழ்ந்தால் அது நேர்மை ஆகாது. காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். பிறகு ஒரு நடுவர் வருவார், "இன்ன தொகை கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும்" என்பார். அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். கொடுத்தால் மாடு திரும்பி வரும். இந்தத் தொல்லை தாங்காமல் 1896ல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் ஒன்று கூடின. "இனிக் கள்ளர் காவல் வேண்டாம்" என்று முடிவு செய்து, வீட்டுக்கு வீடு பணம் போட்டு ஒரு பொது நிதி வைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது 'பண்டு' ஆனது. யார் மாடு திருட்டுப் போனாலும் அந்தப் பண்டிலிருந்து ஈடு கொடுப்பது, ஊர் தானே காவல் ஆட்களை வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பல ஊர்களுக்கு அது பரவியது. காவல் குடும்பங்கள் வேலை இழந்தன, சில இடங்களில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. அந்தக் கசப்பு பல காலம் இருந்தது. நான் கவனிப்பது வேறு ஒன்றை. காவல்காரரை நம்ப முடியாமல் போனபோதும் அந்த ஜனங்கள் ஆளுக்கொரு ஆயுதம் என்று போகவில்லை. இன்னொரு பொது ஏற்பாட்டைத்தான் செய்தார்கள்.

இனி ஆயுதத்தின் கதை. பாளையக்காரர் படைகளிடம் வேல், ஈட்டி, வாள், வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி எல்லாம் இருந்தன. வளரியை வெள்ளைக்காரர்கள் கள்ளர் தடி என்று எழுதினார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு வளரி எறியக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் அவர் இருந்தார். 1799ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை விட்டார். பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், இனிமேல் ஆயுதம் வைத்திருந்தால் கடும் தண்டனை. தென் தமிழ்நாட்டு ஜனங்கள் கையிலிருந்து ஆயுதம் போனது அன்றைக்குத்தான். வட இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நமக்கு அது நடந்துவிட்டது.

ஆயுதத்தோடு காவலும் போனது. பாளையக்காரரின் காவல் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1816ல் வந்த சட்டம் ஊர்க் காவலைக் கிராம முன்சீப், தலையாரி கையில் கொடுத்தது. 1859ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ராத்திரி மாடு போனால் ஓடி வர போலீஸ் எங்கே இருந்தது? ஆகவே பழைய காவல், சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல், பாதி உரிமையாகவும் பாதி மிரட்டலாகவும் தொடர்ந்தது. துப்புக்கூலி அத்தனை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சட்டப்படி இருந்த ஒரு வேலையைச் சட்டவிரோதம் ஆக்கிவிட்டு, அதற்கு மாற்று எதையும் வைக்கவில்லை.

1857 கலகத்துக்குப் பிறகு 1860ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. அதையும் மிஞ்சியது லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் விலக்கு. பட்டம் பெற்றவர்கள், பெரிய ஜமீன்தார்கள் சிலருக்கும் விலக்கு. இன்னொரு விலக்கும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு 1860களிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பது காரணம். அந்த விலக்கு இன்றைக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2019ல் அதை 2029 வரை நீட்டித்தது. கயில்பொல்து பண்டிகையன்று அவர்கள் வீட்டில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். நம் ஆயுத பூஜை மாதிரி.

குடகுக்காரருக்கு விலக்கு எழுதிய அதே அரசாங்கம், எங்கள் பக்கத்தாருக்கு வேறொரு சட்டத்தை எழுதியது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். 1914ல் கீழக்குயில்குடிக்காரர்கள் மேல் அது பாய்ந்தது. பிறகு சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்கும் வந்தது. எங்கள் ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். வயது வந்த ஆண் எல்லாரும் பத்து விரலையும் பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ப் பொது இடத்திலோ ஆஜர் கொடுத்துப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ராத்திரியில் விழித்திருந்து ஊர் காத்த ஆளை, ராத்திரி வெளியே வந்தால் குற்றவாளி என்றது அந்தச் சட்டம். தப்புச் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமே இல்லை. பிறப்பே குற்றம்.

1920 ஏப்ரல் 3. எங்கள் எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. ஜனங்கள் கையில் இருந்தது கம்பும் கல்லும் அரிவாளும். போலீஸ் கையில் துப்பாக்கி. பதினாறு பேர் செத்துப்போனார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது கொல்லப்பட்டார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டுபோனதையும் சொல்வார்கள். ஜனங்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்த மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வழக்காடினார். இன்று அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 3ல் ஊர் ஊராகப் போய் மரியாதை செய்கிறார்கள்.

அதே 1920ல்தான் புதிய ஆயுத விதிகள் வந்தன. தோல் நிறம் பார்த்துக் கொடுத்த விலக்கை அவை எடுத்துவிட்டன. காகிதத்தில் வெள்ளைக்காரனும் நாமும் சமம் ஆனோம். பெருங்காமநல்லூரில் அந்தச் சமத்துவம் எப்படி இருந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

சுதந்திரப் போராட்டக்காரர்கள் இந்த ஆயுதச் சட்டத்தை விடாமல் எதிர்த்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அகிம்சை பேசிய காந்தியடிகளே 1930 ஜனவரியில் வைஸ்ராய்க்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஒன்றை வைத்தார். 1931 கராச்சி காங்கிரஸ் போட்ட அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது.

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் எழுந்து, அந்தக் கராச்சித் தீர்மானத்தை நினைவுபடுத்தி, ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டும் என்றார். அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆட்சி மாறிவிட்டது, நிலைமையும் மாறிவிட்டது, கட்டுப்பாடு இல்லாமல் எல்லோர் கையிலும் ஆயுதம் கொடுக்க முடியாது என்றார். நாடு கூப்பிடும்போது ஆயுதம் எடுக்கும் கடமையைப் பற்றிப் பேசுவோம், உரிமையைப் பற்றி வேண்டாம் என்பது அவர் வாதம். முடிவில் நமக்குக் கிடைத்தது ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை. அமெரிக்காவில் 1791லேயே ஆயுதம் வைத்துக்கொள்வதை உரிமையாக எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் அது உரிமை இல்லை, அரசாங்கம் பார்த்துக் கொடுக்கும் அனுமதி. அதற்கு முந்தைய ஆண்டான 1947லேயே சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் ஒழிந்துவிட்டது. முத்துராமலிங்கத் தேவரும் இன்னும் பலரும் அதற்காகப் பாடுபட்டார்கள்.

1959ல் இந்தியாவே போட்டுக்கொண்ட ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டுமானால் கலெக்டரிடம், மதுரை மாதிரி நகரமானால் போலீஸ் கமிஷனரிடம் மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும், வருவாய்த் துறை விசாரணையும் நடக்கும். 2016 விதிகளின்படி ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி எடுத்ததைக் காட்ட வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். முன்பு ஓர் ஆள் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசு அதைத் தன் பீரோவில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒப்படைத்துவிட்டுத் தன் பேருக்கு மனுப் போட வேண்டும்.

என் மேஜைக்கு வந்த மனுக்களில் இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப இருக்கும். ஒன்று பயிர்ப் பாதுகாப்பு. சாப்டூர் மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் கடலையும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி பெரும் தொல்லை, அதில் நியாயம் இருக்கும். இன்னொன்று தற்காப்பு. அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் தனியாகப் பயந்து கிடந்த முதியவர்கள் இல்லை. ஊரில் ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்தவர்கள். பழைய ஜமீன்தார் விலக்குப் போய்விட்டது. ஆனாலும் துப்பாக்கி ஒரு அந்தஸ்து என்ற நினைப்புப் போகவில்லை. திருவிழாவில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கத்தான் அது அதிகம் உதவியது. நான் வேலை பார்த்த வரையில், லைசென்ஸ் துப்பாக்கியால் திருடனை விரட்டினேன் என்று ஒரு அறிக்கையும் என் கண்ணில் படவில்லை.

போன பொங்கலுக்கு என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எழுமலைக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறார்கள். "மாமா, உங்களுக்குத்தான் ஆபீஸ் வழி எல்லாம் தெரியுமே. அப்பாவுக்கு ஒரு லைசென்ஸ் வாங்கிக் குடுங்க" என்றான். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கும் ஆசைதான். நான் அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

சட்டம் தற்காப்பை மறுக்கவில்லை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை எழுதியிருக்கிறது. ராத்திரி வீட்டை உடைத்து உள்ளே வருகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அது குற்றம் ஆகாது என்கிறது. அந்த உரிமைக்குத் துப்பாக்கி தேவையில்லை. கையில் கிடைத்த கம்புக்கும் அதே உரிமைதான்.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். சட்டப்படி துப்பாக்கி பூட்டின அலமாரியில் இருக்க வேண்டும், தோட்டா தனியாக இருப்பது நல்லது. எழுபது வயது ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைத்து எழுந்து, கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, தோட்டாவைப் போட்டு நிமிர்வதற்குள் வந்தவன் தலைமாட்டில் நிற்பான். வருகிறவர்கள் பெரும்பாலும் பல நாள் நோட்டம் பார்த்துத்தான் வருகிறார்கள். துப்பாக்கி இருக்கிற வீடு என்று தெரிந்தால், அவன் திருட வரும் பொருளில் துப்பாக்கியும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கொலை என்று நான் கேள்விப்பட்டவற்றில் முகம் தெரியாதவன் செய்தது குறைவு. வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, சீர் செய்ததில் வந்த சண்டை, குடித்துவிட்டு வந்த கோபம், இவைதான் அதிகம். அரிவாள் ஓங்கினால் நடுவில் விழுந்து தடுக்க ஓர் ஆள் வருவார், ஓடவும் ஒரு நிமிஷம் கிடைக்கும். துப்பாக்கியில் அந்த நிமிஷம் கிடையாது. அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018ல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. அந்த நாட்டு ஜனத்தொகையைவிட அதிகம். அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களையே சுட்டுக்கொள்கிறவர்கள். பிள்ளைகள் தூரத்தில், உடம்பில் நோய், மனதில் தனிமை என்று இருக்கிற வீட்டில் அப்படி ஒரு பொருள் எட்டும் தூரத்தில் இருப்பது நல்லதில்லை. இதைப் பாசத்தோடு வாங்கச் சொல்லும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லை. பயம் நிஜம் என்று முதலிலேயே சொன்னேன். காவல் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 1960களில் கூட எங்கள் களத்துமேட்டில் நெல் தூற்றி அளக்கும்போது, வீட்டுக்கு மூட்டை கட்டும் முன்னால் தலையாரிக்கும் வயல் காவல்காரருக்கும் மரக்கால் கணக்கில் அளந்து போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காவல்காரர் கையில் ஒரு தடியும் ஒரு அரிக்கேன் விளக்கும்தான் இருந்தன. ஆனால் எந்தத் தோட்டத்தில் யார் படுத்திருக்கிறார், எந்த வண்டி புதிதாக வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஊர் எல்லையில் அரிவாள் பிடித்து நிற்கும் கருப்பசாமியைப் பாருங்கள். சில கோவில்களில் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய் சிலையும் நிற்கும். நம் ஜனங்கள் ஆயுதத்தை ஊர் எல்லையில் சாமி கையில் கொடுத்துவிட்டார்கள். அது எல்லோருக்கும் பொதுவான ஆயுதம்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன்: பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆறேழு வீடு சேர்ந்து ஒரு பண்டு வையுங்கள். ராத்திரி சுற்றிவர ஒரு ஆளைப் போட்டு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். பாதை முனையில் விளக்கும் கேமராவும் போடுங்கள். ஒரு வீட்டில் மணி அடித்தால் ஆறு வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும். ஸ்டேஷனில் போய், ரோந்து வரும் போலீஸ்காரர் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகத்தை உங்கள் பக்கமும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நாம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. 112 எண்ணையும் காவல் உதவி செயலியையும் போனில் போட்டு, அதை அமுக்கப் பழகுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள், அதை ஊருக்கும் தெரியப்படுத்துங்கள். மகன் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் போன் பண்ணட்டும்.

மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு ஆகும் மாமா?" என்று கேட்டான். ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியின் விலையை ஆறு வீட்டுக்குப் பங்கு போட்டுப் பார் என்றேன். சித்திரையிலிருந்து அவர்கள் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தோடு, பழைய வழக்கம் விட்டுப்போகாமல், அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல்லும் அளந்து கொடுப்பதாகப் பேச்சு.

உங்கள் ஊரில் காவல் கூலி எப்படி அளந்தார்கள், யார் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள் என்று நினைவிருந்தால் எழுதி வையுங்கள். பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறோம்.